ஒன்றையொன்று தொடாத சுவர்கள்: திருகோணமலைக்கு ஒரு சிறு காட்சிக்கூடம்

அரூப ஓவியம் ஒன்றை அடிப்படையாக வைத்துக் காட்சிக்கூடம் அமைக்கப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் செய்வது, ஓவியத்தில் உள்ள நிறங்களை எடுத்துச் சுவருக்குப் பூசிவிடுவதுதான். இல்லாவிட்டால் அதிலுள்ள வடிவங்களைப் பெருப்பித்துப் பலகையில் வெட்டி முகப்பில் பொருத்துவார்கள். இரண்டு வழியிலும் உள்ளே இருப்பது பழைய நாலு சுவர்ப் பெட்டிதான். ஓவியத்திலிருந்து எடுக்க வேண்டியது அதன் விதியை. அந்த விதியை ஒரே வசனத்தில் சொல்ல முடிகிற ஓவியமாகத் தேர்ந்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு அந்த விதி எங்கே வளைந்து கொடுக்க வேண்டும் என்பதை இந்த ஊரின் காற்றும் வெயிலும் சொல்லும்.

நாங்கள் எடுத்துக்கொள்வது டச்சு ஓவியர் தியோ வான் டூஸ்பர்க் 1918 ஜூனில் தீட்டிய 'ரஷ்ய நடனம் ஒன்றின் தாளம்'. இப்போது நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, 135.9 செ.மீ. உயரம், 61.6 செ.மீ. அகலம். வெளிறிய தளத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம், கறுப்புப் பட்டைகள். எல்லாமே நிலைக்குத்து அல்லது கிடை. ஒன்றின் குறுக்கே ஒன்று ஓடாது. ஒரு பட்டை முடிகிற இடத்துக்குப் பக்கத்தில் இன்னொன்று திசை மாறித் தொடங்கும், நடுவில் ஒரு சின்ன இடைவெளி. ஆடும் உருவம் ஒன்றில் தொடங்கி, வரைவுக்கு வரைவு அதை ஒடுக்கி இந்தப் பட்டைகளுக்கு வந்திருக்கிறார். விதி இதுதான்: திருப்பம் வருகிற இடத்திலெல்லாம் இடைவெளி இருக்கும், மூலை என்று ஒன்று இருக்காது.

இது கட்டடக்கலையோடு ஒட்டாத ஓவியமும் அல்ல. ஜெர்மன் கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் ரோ 1924 இல் வரைந்த, கட்டப்படாமலே போன செங்கல் வீட்டின் தரைப்படத்தில் சுவர்கள் இதே மாதிரி மூலையில் சேராமல் வெளியே ஓடுகின்றன. அந்தத் தரைப்படத்தையும் இந்த ஓவியத்தையும் அதே நியூயோர்க் அருங்காட்சியகத்தின் அப்போதைய இயக்குநர் அல்பிரெட் பார் 1936 இல் ஒப்பிட்டுக் காட்டினார். 1929 இல் பார்சலோனாக் கண்காட்சிக்குக் கட்டிய கூடத்தில் மீஸ் சுவர்களை இன்னும் விடுதலையாக்கினார். கூரையைச் சிலுவை வடிவ உருக்குத் தூண்கள் எட்டு தாங்கின, ஆகவே சுவர் நினைத்த இடத்தில் நிற்கலாம். பத்து நாள், இரண்டு கிழமை நிற்கப்போகிற சின்னக் கூடத்துக்குத் தனித் தூண் வைத்தால் இடம் அடைபடும். நமது தூண்கள் சுவருக்குள்ளேயே மறைந்து நிற்கும்.

அளவுக்கு வருவோம். ஓவியத்தின் 1 செ.மீ. தரையில் 6 செ.மீ. என்று வைத்தால் 8.15 × 3.7 மீற்றர் வருகிறது. அதைப் பிளைவுட் தகட்டுக்கு ஏற்ப 8.4 × 3.6 ஆகத் திருத்திக்கொள்ளுங்கள், 1.2 மீற்றர்க் கட்டம் நீளத்தில் ஏழு, அகலத்தில் மூன்று. கடையில் கிடைக்கும் எட்டுக்கு நாலு தகடு 244 × 122 செ.மீ. லொறியில் ஏற்றி இறக்கும்போது மூலை நசுங்காத தகடு அபூர்வம், அதனால் ஓரங்களைச் சீவி 240 × 120 ஆக்கினால் நசுங்கியதும் போகும், கட்டமும் சரியாக வரும். இந்தக் கட்டத்துக்குள் 2.4 மீற்றர்ச் சுவர் ஐந்து, 1.2 மீற்றர்ச் சுவர் நாலு. ஓவியத்தின் பட்டைகளை ஒவ்வொன்றாகப் பிரதி எடுக்க வேண்டாம். எண்ணிக்கை குறையட்டும், விதி மட்டும் எங்கும் குலையக்கூடாது.

முதலில் 1:20 மாதிரி ஒன்று செய்யுங்கள். 42 × 18 செ.மீ. அட்டைத் தளம், 3 மி.மீ. அட்டை இரண்டை ஒட்டிய சுவர்கள். சுவர்களை ஒட்டிவிட வேண்டாம், ஊசியால் குத்தி நிறுத்துங்கள். மாதிரியை இடத்துக்கே கொண்டுபோய்த் திசைகாட்டி பார்த்து வைத்து, காலை 9 மணிக்கும் நண்பகலிலும் மாலை 4 மணிக்கும் நிழலைப் படம் எடுங்கள். உண்மையான சூரியன் தலைக்கு மேல் இருக்கும்போது கணினி மென்பொருள் எதற்கு?

இடைவெளிகளை மூன்று அளவுக்குள் அடக்குங்கள்: 8 செ.மீ., 40 செ.மீ., 120 செ.மீ. எட்டு செ.மீ. வெளிச்சக் கீற்றுக்கு மட்டும். 9 இலிருந்து 23 செ.மீ. வரையான இடைவெளியை எங்கும் வைக்காதீர்கள், சிறுபிள்ளையின் தலை போய்ச் சிக்கிக்கொள்ளக்கூடிய அளவு அது. நாற்பது செ.மீ. பார்வைக்கு; அதற்குள் ஆள் புகப் பார்ப்பார், ஆகவே குறுக்கே ஒரு வாங்கு போட்டு அடைக்க வேண்டும். நடக்கிற வழி எல்லாம் 120. சக்கரக் கதிரைக்கு 90 செ.மீ. காணும், ஆனால் ஒரு குடும்பம் பிள்ளையைக் கைப்பிடித்துப் போகும்போது எதிரே வருபவர் ஒதுங்க 90 போதாது.

இனி இந்த ஊர். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை மழை குறைவு, காட்சிக்கு ஏற்ற காலம் அதுதான். நவம்பர், டிசம்பர், ஜனவரியில் திறந்த கூடம் பற்றி யோசிக்கவே வேண்டாம். ஆனால் அந்த வறண்ட மாதங்களில்தான் கச்சான் காற்று வீசும். மேற்கு, தென்மேற்கிலிருந்து சூடாக, புழுதியோடு, நாள் முழுக்க. வெயிலும் மாலையில் அதே பக்கத்திலிருந்துதான் அடிக்கும். அதனால் கூடத்தின் 3.6 மீற்றர்க் குறுகிய பக்கத்தை மேற்கே பார்க்க வையுங்கள், நீளம் கிழக்கு மேற்காக ஓடட்டும். மேற்கு நுனியில் நேராக ஒரு 120 செ.மீ. வழியைத் திறந்து வைத்தால் காற்று அதற்குள் ஒடுங்கி வேகம் கூடி, உள்ளே உள்ள விளக்கக் குறிப்புகளையெல்லாம் பிய்த்துக்கொண்டு போகும். வழிக்கு 1.2 மீற்றர் முன்னால் குறுக்கே ஒரு சுவரை நிறுத்துங்கள். ஓவியம் செய்வதும் அதுதான்: ஒவ்வொரு இடைவெளிக்கும் முன்னால் இன்னொரு பட்டை நிற்கிறது.

திருகோணமலை வட அகலாங்கு எட்டரைப் பாகையில் இருக்கிறது. ஏப்ரல் 12 அளவிலும் ஆகஸ்ட் 30 அளவிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில். அந்த நேரம் சுவருக்கு நிழலே இராது. இடைப்பட்ட மாதங்களில் உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும், ஜூன் கடைசியில் சுமார் 15 பாகை. 'தெற்குச் சுவர்தான் சுடும்' என்று வெளிநாட்டுப் புத்தகங்களைப் பார்த்து நினைப்பவர்கள் இங்கே தவறுவார்கள். இந்தப் பருவத்தில் நண்பகல் வெயில் விழுவது வடக்கு முகத்தில்.

இடம் தீர்ந்ததும் சுண்ணாம்புத்தூளால் முழு அளவில் தரையில் கோடு போட்டு நடந்து பாருங்கள். மூலைமட்டம் சரியா என்பதற்கு இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். இரண்டும் 9.14 மீற்றர் வந்தால் சரி.

மிகக் கவனமாகப் பார்க்க வேண்டியது இனி வருவது. ஓவியத்தில் பட்டைகள் தொடாமல் நிற்பது அழகு. கட்டடத்தில் தொடாத சுவர் என்றால் பிடிமானம் இல்லாத சுவர். சாதாரண அறையில் ஒரு சுவர் விழாமல் இருப்பதற்குக் காரணம் மூலையில் அதைப் பிடித்திருக்கும் மற்றச் சுவர். அந்த மூலையைத்தான் நாம் எடுத்துவிட்டோம்.

கணக்கைப் பாருங்கள். காற்றின் அழுத்தம் சதுர மீற்றருக்கு 0.613 × வேகத்தின் வர்க்கம், நியூட்டனில். விநாடிக்கு 20 மீற்றர், அதாவது மணிக்கு 72 கிலோமீற்றர் வேகத்தில் 245 நியூட்டன். தனித்து நிற்கும் சுவருக்கு அதை 1.3 ஆல் பெருக்குகிறோம், ஏறத்தாழ 320. இரண்டு பக்கமும் 2.4 மீற்றர் உள்ள சுவரை அது 1.8 கிலோநியூட்டன் விசையோடு, தரையிலிருந்து 1.35 மீற்றர் உயரத்தில் தள்ளும். சுவரின் எடை ஏறத்தாழ 130 கிலோ. இருபக்கமும் 60 செ.மீ. நீட்டிய பாதம் வைத்து, ஒன்றரை மடங்கு பாதுகாப்போடு அதை நிறுத்த இன்னும் 500 கிலோ பாரம் வேண்டும். 25 கிலோ மணல்மூட்டை 20. ஒரு சுவருக்கு மட்டும்! ஒன்பது சுவருக்கும் கூட்டினால் 3,500 கிலோ. கூடத்துக்குள் மணல்மூட்டைதான் காட்சிப்பொருளாகும்.

தீர்வு தலைக்கு மேலே இருக்கிறது. ஒவ்வொரு சுவரின் இரண்டு நுனியிலும் மரச் சட்டத்துக்குப் பதிலாக 100 × 50 மி.மீ. பொக்ஸ் பார், அதாவது உள்ளே வெறுமையான செவ்வக இரும்புக் குழாய், நிறுத்துங்கள். சுவரின் மேல்விளிம்பு 2.55 மீற்றரில் முடியும்; பொக்ஸ் பார் அதையும் தாண்டி 2.9 மீற்றர் வரை போய்க் கூரைச் சட்டத்தைப் பிடிக்கும். கண்ணுக்குச் சுவர்கள் தனித்தனி, மேலே எல்லாம் ஒரே சட்டம். பிளைவுட் இருபக்கமும் அறைந்த சுவர் தன் நீளவாக்கில் மிகவும் உறுதியானது, குறுக்கே தள்ளினால்தான் சாயும். சட்டத்தால் இணைத்துவிட்டால் கிழக்கு மேற்குச் சுவர்கள் அந்தத் திசைத் தள்ளலையும், வடக்கு தெற்குச் சுவர்கள் மற்றத் திசைத் தள்ளலையும் வாங்கிக்கொள்ளும். நிபந்தனை ஒன்று: ஒரே திசைச் சுவர்களையெல்லாம் ஒரே பக்கத்தில் குவிக்கக்கூடாது. வடக்கு தெற்குச் சுவர்கள் முழுதும் கிழக்கு நுனியில் நின்றால் காற்றில் மேற்கு நுனி முறுகும். எங்கள் பங்கீடு, கிழக்கு மேற்காக நீளச்சுவர் மூன்று, குட்டை இரண்டு. வடக்கு தெற்காக நீளம் இரண்டு, குட்டை இரண்டு, அவை இரு நுனிக்கும் பிரிந்து நிற்கும். கூரைச் சட்டத்தின் இரண்டு நுனிக் கட்டங்களிலும் குறுக்கு வடம் போட்டு டர்ன்பக்கிளால் (வடத்தைத் திருகி இறுக்கும் கருவி) இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் சட்டமே சாய்சதுரமாகப் போய்விடும்.

இப்படி இணைத்துத் தரைத்தளத்தோடும் போல்ட் போட்டால் சுவர், கூரை, தளம் மூன்றின் சொந்த எடையே பெரும்பங்கைச் சமாளிக்கும். நாலு ஓரத்திலும் பரப்பி 600 கிலோ மூட்டை காணும். மணற்தரையில் கட்டைமுளை அடித்து அதை நம்பாதீர்கள், காய்ந்த மணல் முளையைப் பிடிக்காது. முக்கால் மீற்றர் ஆழத்தில் ஒரு பலகையையோ மணல்மூட்டையையோ கிடையாகப் புதைத்து அதிலிருந்து கயிறு எடுத்தால் பிடிக்கும். பாறைத் தரையில் பாரம் ஒன்றே வழி. எந்த இடமானாலும் இந்தக் கணக்கைப் பொறியியலாளர் ஒருவர் பார்த்து ஒப்பமிடட்டும். காற்று மணிக்கு 50 கிலோமீற்றரைத் தாண்டினால் ஆட்களை வெளியேற்றிக் கூடத்தை மூடுவது என்று முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

வாங்க வேண்டியவை: சுவருக்கு 9 மி.மீ. வெளிப்பாவனைப் பிளைவுட் 28 தகடு, நுனிப் பட்டிகளுக்கு 2, கைகாவலாக 2. தரைக்கு 12 மி.மீ. தகடு 11. நாலுக்கு ரெண்டு மரம் சுவர்ச் சட்டத்துக்கு 350 அடி, தரைத்தளத்துக்கு 250 அடி. 100 × 50 பொக்ஸ் பார் இருபதடி நீளம் 9. ஒன்றில் இரண்டு தூண் வரும். கூரைக்கு 50 × 50 பொக்ஸ் பார் 11 நீளம். இந்தப் பதினொன்றை வெட்டும் முறை சொல்லத்தக்கது. குறுக்குச் சட்டம் எட்டு, ஒவ்வொன்றும் 3.6 மீற்றர், எட்டு நீளத்தில் வெட்டினால் 2.4 மீற்றர்த் துண்டு எட்டு மிஞ்சும். நெடுஞ்சட்டம் மூன்று, ஒவ்வொன்றும் 8.4, முழு நீளம் ஒன்றோடு மிஞ்சிய துண்டு ஒன்றைச் சேர்த்தால் 6 + 2.4. வெல்டிங்காரரிடம் இந்தக் கணக்கை எழுதியே கொடுங்கள், சொல்லாமல் விட்டால் நெடுஞ்சட்டத்தை முதலில் வெட்டிக் கூடுதல் நீளம் கேட்பார். இணைப்புக்கு உள்ளே 30 செ.மீ. நீளக் குழாய் செருகிப் போல்ட் போட வேண்டும். இணைப்பு தூணுக்குப் பக்கத்தில் வரட்டும், இரண்டு தூணுக்கு நடுவில் வேண்டாம்.

மரம் வாங்கும்போது அளவுகோலைக் கையில் வைத்திருங்கள். நாலுக்கு ரெண்டு என்று விற்கும் மரம் சீவிய பிறகு நாலங்குலம் இருக்காது. பொக்ஸ் பார் சரியாக 100 மி.மீ., மரம் 94, 95. பிளைவுட்டை அறைந்தால் நுனியில் மட்டும் தகடு எழும்பி, மாலை வெயில் சுவரில் பக்கவாட்டாக விழும்போது அந்த மேடு அப்படியே தெரியும். மரத்தின் இருபக்கமும் மெல்லிய பட்டி ஒட்டி மட்டப்படுத்துவது சலிப்பான வேலைதான், ஆனாலும் தவிர்க்க முடியாது.

கடலோரத்தில் உப்புக்காற்று ஆணியில்தான் முதலில் கைவைக்கும். ஜிப்சம் பலகைக்கு அடிக்கிற கறுப்பு ஸ்க்ரூவை இங்கே பாவித்தால் சில நாளிலேயே வெளிறிய சுவரில் பழுப்புக் கோடு வழியும். துருப்பிடிக்காத உருக்கு ஸ்க்ரூ வாங்குங்கள், ஓரத்தில் 15 செ.மீ.க்கு ஒன்று, நடுவில் 30 செ.மீ.க்கு ஒன்று. தகடுகளுக்கிடையில் 3 மி.மீ. விடுங்கள், ஈரத்தில் ஊதும்போது அதற்கு இடம் வேண்டும். தகட்டின் வெட்டிய ஓரங்கள் தண்ணீரை உறிஞ்சும். முகத்துக்கு ஒரு பூச்சு பிறைமர் என்றால் ஓரத்துக்கு இரண்டு. வெல்டிங் செய்த இடங்களில் துத்தநாகப் பூச்சு எரிந்து போயிருக்கும், அங்கே துத்தநாகம் கலந்த பெயின்ற் தேய்க்காமல் விட்டால் துரு அங்கிருந்துதான் தொடங்கும்.

நிறம் பற்றி எங்களுக்கு உறுதியான கருத்து உண்டு. சுவர் முகத்துக்குச் சிவப்போ மஞ்சளோ பூசாதீர்கள். அது காட்சிப்பொருளோடு சண்டை பிடிக்கும். சுவரின் நுனி முகம், 118 மி.மீ. அகலமும் 2.4 மீற்றர் உயரமும் உள்ள அந்தப் பட்டிதான் நிறத்துக்கு உரிய இடம். ஒன்பது சுவருக்குப் பதினெட்டு நுனி. நேரே நின்று பார்ப்பவருக்கு வெளிறிய சுவர் மட்டும் தெரியும்; இடைவெளிக்குள் நுழையத் திரும்பும்போது பக்கத்தில் ஒரு சிவப்புக் கோடு எழும்பும், அடுத்த திருப்பத்தில் ஒரு நீலம். ஓவியத்தின் பட்டை அகலமும் தாளமும் உடம்பின் அசைவோடு வருவது இப்படித்தான். ஆனால் வெயில் பட்ட சிவப்பு நுனி எதிரே உள்ள சுவரில் ஒரு ரோசாச் சாயலைப் படரவிடும், மஞ்சள் அதைவிடக் கூட. அந்தச் சாயல் விழும் ஒரு மீற்றருக்குள் எதையும் மாட்ட வேண்டாம். கறுப்பு நுனிகளைக் கிழக்கு, தெற்குப் பக்க நிழலில் வையுங்கள். மேற்கே வைத்தால் பிள்ளைகள் கைவைக்க முடியாத அளவுக்குச் சுடும். சுவர் முகத்துக்குப் பால் வெள்ளை வேண்டாம், இந்த வெயிலில் கண் கூசும். சாம்பல் சற்றுக் கலந்த வெளிறிய நிறம்தான் ஓவியத்தின் தளத்துக்கும் கிட்ட வரும்.

கூரை முழுவதையும் மூடினால் அதுவே பாய்மரம் ஆகிவிடும். நடுவில் 3.6 × 3.6 மட்டும் தகரம் போட்டு 30 செ.மீ. சாய்வு கொடுத்து, சூட்டைத் தணிக்க மேலே கிடுகு விரித்துக் கட்டுங்கள். அந்தப் பதின்மூன்று சதுர மீற்றரே 20 மீற்றர்க் காற்றில் 300 கிலோவுக்கு மேல் மேலிழுக்கும். மேலே சொன்ன 600 கிலோவில் இதுவும் அடக்கம். இரண்டு பக்கமும் பனஞ்சிலாகை, வடக்கு தெற்காக, சிலாகை அகலமளவே இடைவெளி விட்டு. சூரியன் கிழக்கிலிருந்து மேற்கே போவதால் அந்தப் போக்கில் கட்டிய சிலாகைதான் காலையும் மாலையும் வெயிலை அதிகம் மறிக்கும். சிலாகைக்குக் கீழே வரிவரியாக நிழல் விழும், அங்கே படம் எதையும் மாட்ட முடியாது. படங்கள் நடுப்பகுதியில், வாங்குகளும் நடைவழியும் ஓரங்களில். கடதாசியில் வரைந்த மூலப்படைப்புகளைத் திறந்த கூடத்துக்குக் கொண்டுவரவே வேண்டாம். அவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் என்பது அருங்காட்சியக நடைமுறை, நேர் வெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். அச்சுப்பிரதி, மட்பாண்டம், உலோகம் என்று தேர்ந்துகொள்ளுங்கள்.

தரைத்தளம் 11 செ.மீ. உயரம், சாய்தளம் 1.35 மீற்றர் நீளமாவது வேண்டும். தளத்துக்குப் பூசும் பெயின்ற்றில் மெல்லிய மணல் கலந்தால் ஈரக்காலோடு வருபவர் வழுக்கமாட்டார்.

கோட்டைப் பக்கமோ நகரின் கடற்கரைப் பக்கமோ கூடம் வைப்பவர்கள் மான்களை மறக்கக்கூடாது. இரவில் உள்ளே வரும், கடதாசியைக் கண்டால் விடாது. ஒவ்வொரு 120 செ.மீ. வழிக்கும் இரவில் மாட்டிக் கழற்றும் வலைச்சட்டம் ஒன்று செய்யுங்கள். மான் கொம்பு சிக்காதபடி வலைக்கண் சிறியதாக இருக்கட்டும். மா பசையால் அறிவித்தல் எதையும் ஒட்டாதீர்கள்.

அனுமதிகளில் கடற்கரையிலிருந்து 300 மீற்றருக்குள் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தைக் கேட்க வேண்டிவரும், கோட்டை சார்ந்த இடமென்றால் தொல்பொருள் திணைக்களத்தையும். ஓவிய உரிமையில் சிக்கல் இல்லை. வான் டூஸ்பர்க் 1931 இல் இறந்தார், இலங்கைச் சட்டப்படி உரிமை இறந்து 70 ஆண்டுவரைதான். வாழும் ஓவியரின் படைப்பானால் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், விதியை மட்டும்தான் எடுக்கிறோம் என்றாலும்.

கழற்றுவதையும் கட்டும்போதே யோசித்து வைக்க வேண்டும். ஒவ்வொரு சுவருக்கும் மேல்விளிம்பில், வெளியே தெரியாத இடத்தில், எண்ணும் வடக்கைக் காட்டும் அம்புக்குறியும் போடுங்கள். பிளைவுட்டுக்கு ஸ்க்ரூ மட்டும், பசை வேண்டாம். சட்டத்தோடு உள்ள இணைப்புக்குப் போல்ட் மட்டும், இடத்தில் வெல்டிங் வேண்டாம். ஒரு நீளச்சுவரைத் தூக்க நாலு பேர் காணும். முதலில் கூரைத் தகரம், பிறகு சிலாகை. சட்டத்தைக் கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு சுவருக்கும் இருபக்கமும் முட்டுக்கொடுத்திருக்க வேண்டும், ஏனென்றால் மேலே உள்ள கடைசிப் போல்ட் கழன்றதும் அவை மறுபடியும் பிடிமானமில்லாத தனிச் சுவர்கள்தான். கச்சான் காலத்தில் இந்த வேலையைக் காற்று ஏறுவதற்கு முன், விடியற்காலையிலேயே தொடங்குங்கள்.